நாற்பதுக்கு மேல் எல்லாம் ஒன்றாக வந்தால்

வேலை மாற்றம், பெற்றோரின் நோய், பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்புவது. நடுவயதில் இவை வரிசையில் நின்று வருவதில்லை. எது அழுத்துகிறது என்பதே குழம்பிப்போகும். முதலில் அதைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, எழுதிப் பார்ப்பது.

உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட முறை எளிது: தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதை அரிப்பதை நிறுத்தாமல் எழுதுவது. பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனக்கும் (இரண்டாம் நாளே கைவிடத் தோன்றுவது இதனால்தான்). பெரும்பாலும் சில மணி நேரத்தில் அது இறங்கிவிடும்.

அதே புலம்பலை நாலு நாளும் நகலெடுத்தால் பயனில்லை. "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடுகின்றனவா என்று பாருங்கள். நேற்று நேர்ந்த இழப்பை உடனே தோண்ட வேண்டாம். சில வாரம் ஆறட்டும். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லையென்றால், நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.