நீண்ட தூரச் சுடுதலுக்கு ஒரு பாலிஸ்டிக் கால்குலேட்டர்: தேடிப் பார்த்த அனுபவம்

துப்பாக்கி சுடும் விளையாட்டு என்றால் நம்மில் பலருக்கு இளவேனில் வாலறிவனின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள்தான் நினைவுக்கு வரும். 10 மீட்டரில் புவியீர்ப்பைப் பற்றியோ காற்றைப் பற்றியோ யாரும் கணக்குப் போடுவதில்லை. நான் கொலராடோவில் இருந்துகொண்டு பழகுவது அதன் மறுகோடி: 600 யார்டிலிருந்து 1,000 யார்டுக்கு அப்பால் வரை, இரும்புத் தகடுகளை நோக்கிச் சுடுவது. 1,000 யார்டில் குண்டு குழலைவிட்டுக் கிளம்பித் தகட்டில் பட ஒன்றரை வினாடி அளவுக்கு ஆகிறது. அந்த நேரத்தில் அது கீழே விழும் தூரம் 25 அடிக்கும் மேல். அந்த விழுகையை முன்கூட்டியே கணித்து, ஸ்கோப்பின் (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி) மேல் குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்குத்தான் கால்குலேட்டர்.

இந்தக் கணக்கு லேசுப்பட்டதல்ல. 1946இல் உலகத்துக்கு அறிமுகமான எனியாக் கணினி, கிட்டத்தட்ட 30 டன் எடையுள்ள அந்த இயந்திரம், அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி அட்டவணைகளைக் கணக்கிடுவதற்காகவே திட்டமிடப்பட்டது. இன்று அதே வகைக் கணக்கை ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும் கைக்கருவி நொடியில் செய்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்மையான சந்தோஷம் வருகிறது.

சுடும் இடம்: நியூ மெக்சிகோவில், ரட்டோன் ஊருக்கு அருகில் உள்ள விட்டிங்டன் சென்டர். 33,000 ஏக்கர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,600 அடி உயரம். அங்கே 1,123 யார்டில் வெள்ளைக் காட்டெருமை வடிவில் ஒரு பெரிய இரும்பு இலக்கு நிற்கிறது. அங்கு வருகிற பலருக்கும் அதை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உண்டு. எனக்கும் உண்டு. ரைஃபிள் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைக்கானது, தோட்டா ஹார்னடி நிறுவனத்தின் 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) ஈஎல்டி மேட்ச். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் வினாடிக்கு 2,710 அடி. என் குழலில் அளந்ததும் ஏறத்தாழ அதுவே.

முதலில் போனில் ஆரம்பித்தேன். ஹார்னடியின் 4டிஓஎஃப் செயலி இலவசம், டாப்ளர் ரேடாரில் அளந்த இழுவைத் தரவை (காற்று குண்டைத் தடுக்கும் அளவு) வைத்துக் கணக்குப் போடுகிறது. என் தோட்டா அதன் பட்டியலிலேயே இருக்கிறது. அப்புறம் அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் செயலி. அதோடு, பிரவுசரில் ஓடும் ஜேபிஎம் கணிப்பானையும் வைத்து ஒப்பிட்டேன். மூன்றுக்கும் ஒரே உள்ளீடு கொடுத்தால் 1,000 யார்டு வரை விடைகள் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன. வித்தியாசம் ஸ்கோப் குமிழின் ஒரு சொடுக்கு அளவுதான். இழுவையைக் கணக்கில் கொண்டுவரும் ஜி1, ஜி7 என்ற இரண்டு எண்களில் எது சரி என்ற சண்டை இணையத்தில் நிறைய உண்டு. சுருக்கமாகச் சொன்னால், பின்பக்கம் படகு போலக் குறுகும் நீண்ட குண்டுகளுக்கு ஜி7 எண்தான் பொருந்தும், அதைப் போட்டால் போதும். எந்தச் செயலியின் கணக்கு உயர்ந்தது என்று ராத்திரி முழுக்க வாதாடத் தேவையில்லை.

அப்படியானால் ஏன் காசு கொடுத்துக் கருவி வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். விடை காற்றழுத்தத்தில் இருக்கிறது.

வானிலைச் செய்தியில் வரும் காற்றழுத்தம், எல்லா ஊரையும் ஒப்பிட வசதியாகக் கடல் மட்டத்துக்கு மாற்றப்பட்ட எண். ரட்டோனில் நின்றுகொண்டு போனில் வானிலை பார்த்தாலும் 30 அங்குலப் பாதரசம் என்றுதான் காட்டும். ஆனால் அந்த உயரத்தில் குண்டு கிழித்துக்கொண்டு போகும் காற்றின் உண்மையான அழுத்தம் 23.4 அங்குலத்தைச் சுற்றித்தான் இருக்கும். அங்குள்ள காற்று மெலிந்தது, இழுவை குறைவு, குண்டு குறைவாக விழும். இரண்டு எண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, மற்றதை எல்லாம் அப்படியே வைத்துப் பார்த்தேன். வெயில் 85 டிகிரி ஃபாரன்ஹீட், 100 யார்டில் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப் அமைப்பு). 1,000 யார்டுக்கு 23.4 போட்டால் குமிழைத் திருப்ப வேண்டியது 7.7 மில். 30.0 போட்டால் 8.6 மில். ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1,000 யார்டில் 36 அங்குலம். ஆக இந்த 0.9 மில் வித்தியாசம் இலக்கில் 32 அங்குலத்துக்கும் மேல். வானிலைச் செய்தி எண்ணை நம்பினால் குண்டு தகட்டுக்கு மேலே சுத்தமாகத் தாண்டிப் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 300 யார்டில் இந்தத் தவறு தெரியவே தெரியாது. அங்கே ஒரு எண்ணுக்கு 1.1 மில், மற்றதற்கு 1.2 மில். கிட்டத்தில் எல்லாம் சரியாகப் படும், நம்பிக்கையோடு தூரம் போனால் குண்டு எங்கே போனது என்றே தெரியாது. அதனால் என் முதல் நிபந்தனை தெளிவாகிவிட்டது: நிற்கிற இடத்துக் காற்றழுத்தத்தைத் தானே அளந்து, தானே கணக்கில் ஏற்றிக்கொள்ளும் கருவி வேண்டும். கையால் எண் போட வேண்டிய இடம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

சில போன்களில் காற்றழுத்த சென்சார் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வெப்பநிலையை அது தன் சூட்டோடு சேர்த்துத்தான் உணரும். அதோடு, புல்தரையில் குப்புறப் படுத்திருக்கும்போது, நியூ மெக்சிகோ வெயிலில் போன் திரையை வாசிப்பது பெரும்பாடு. வெளிச்சத்தைக் கூட்டினால் போன் சூடாகித் தானே மங்கிக்கொள்கிறது. கையுறையோடு தொட்டால் கேட்பதில்லை. விரல் தவறிப் பட்டு ஏதோ ஒரு எண் மாறினாலும் நமக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து அட்டவணை தயாரிக்கப் போன் அருமை. களத்தில் அதை நம்பி இருக்க எனக்கு மனமில்லை.

அடுத்து, என்னோடு சுட வரும் நண்பரிடமிருந்து இரவல் வாங்கிய கார்மின் ஃபோர்ட்ரெக்ஸ் 701. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம், உள்ளே அப்ளைடு பாலிஸ்டிக்ஸ் கணக்கு, காற்றழுத்த சென்சார், ஜிபிஎஸ் எல்லாம் உண்டு. படுத்த நிலையில் இடது மணிக்கட்டைப் பார்த்தால் எண் தெரிகிறது, தலையை அதிகம் நகர்த்த வேண்டாம். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் காற்றை அளக்கும் விசிறி அதில் கிடையாது. நடந்து நடந்து இலக்குத் தேடும் மலைப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது. எனக்கு ஒரே இடத்தில் படுத்து நெடுநேரம் பழகும் வழக்கம். காற்றளவியும் கூடவே இருந்தால் நல்லது.

கடைசியில் வாங்கியது கெஸ்ட்ரல் 5700 எலைட். விலை அதிகம், 700 டாலருக்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். உள்ளங்கை அளவு, தலைப்பக்கம் சின்னக் காற்றாடி, ஒரே ஒரு ஏஏ பேட்டரி. காற்றின் வேகம், திசை, வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு, தூரத்தையும் சுடும் திசையையும் கொடுத்தால் மேலே எத்தனை, பக்கத்தில் எத்தனை மில் என்று சொல்லிவிடுகிறது. பட்டன்கள் அழுத்தமானவை, கையுறையோடும் வேலை செய்கின்றன. மெனுக்கள் பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். ரைஃபிள் விவரங்களை எல்லாம் போனிலேயே நிரப்பி புளூடூத் வழியாக அனுப்பிவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: சட்டைப் பையிலிருந்து எடுத்தவுடன் வெப்பநிலையை நம்பாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் சிறிது நேரம் வைத்த பிறகே எண் நிலைக்கிறது.

கருவி வந்த பின் செய்த வேலைகளில் முக்கியமானது ஸ்கோப்பைச் சோதித்தது. 100 யார்டில் உயரமான அட்டை ஒன்றைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நிறுத்தி, அதில் 36 அங்குலம் அளந்து கோடு போட்டேன். குமிழை 10 மில் திருப்பினால் குறுக்குக்கம்பி சரியாக அந்தக் கோட்டுக்கு வர வேண்டும். குமிழ் சொல்வதும் உண்மையில் நகர்வதும் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கால்குலேட்டரும் உதவாது. என் ஸ்கோப் தேறிவிட்டது. தேறாவிட்டாலும் வித்தியாசத்தை விகிதமாகக் கெஸ்ட்ரலில் போட்டுக்கொள்ள வழி இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வேகத்தை ஒத்துப்பார்த்தல். குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்த வேகத்தைப் போட்டு 800 யார்டில் சுட்டபோது குண்டுகள் கணிப்பைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே கூடின. உண்மையில் தேவைப்பட்ட மில்லைக் கருவியிடம் சொன்னால், வேகத்தை எவ்வளவு குறைத்துப் போட வேண்டும் என்று அதுவே சொல்கிறது. மாற்றம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து அடி அளவுதான். சின்ன எண்ணாகத் தோன்றும்; ஆனால் 20 அடி வேக வித்தியாசம் 1,000 யார்டில் ஏறக்குறைய 0.15 மில், 5 அங்குலத்துக்கு மேல். இந்தத் திருத்தத்தை ஒரே ஒரு குண்டை வைத்துச் செய்யக் கூடாது. நல்ல குழுவாகச் சுட்டு அதன் நடுவை எடுக்க வேண்டும். காற்று அமைதியாக இருக்கும் காலை வேளைதான் இதற்குத் தோது. ஒலி வேகத்தை நெருங்கும் தூரங்களுக்குக் கெஸ்ட்ரலில் தனியாக இன்னொரு திருத்தம் உண்டு. ரட்டோன் உயரத்தில் என் குண்டு 1,123 யார்டிலும் ஒலியைவிட நன்றாக வேகமாகவே போகிறது என்பதால் அதை நான் தொடவே இல்லை.

மேல்-கீழ் கணக்கு இப்படி அடங்கிவிட்டது. பக்கவாட்டில்தான் இன்னும் பாடுபடுகிறேன். கெஸ்ட்ரல் அளப்பது நான் படுத்திருக்கும் இடத்துக் காற்றை மட்டும். 500 யார்டில், ஓடைப் பள்ளத்துக்கு மேலே, இலக்குக்குப் பக்கத்தில் வீசுவது வேறு காற்றாக இருக்கலாம். அந்த மெலிந்த காற்றிலும் மணிக்கு 1 மைல் குறுக்குக் காற்றைத் தப்பாகக் கணித்தால் 1,000 யார்டில் 5 அங்குலத்துக்கு நெருக்கமாக விலகும். எந்தக் கால்குலேட்டரும் இதைத் தீர்த்துத் தராது. ஸ்கோப்பில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, புல் எப்படிச் சாய்கிறது என்று கண்தான் படிக்க வேண்டும். நான் இப்போது செய்வது இது: முதலில் கண்ணால் பார்த்து ஒரு எண்ணை நோட்டில் எழுதுகிறேன், பிறகு கெஸ்ட்ரலைத் தூக்கி அளக்கிறேன், பிறகு சுட்டு, குண்டு விழுந்த இடத்திலிருந்து உண்மையில் என்ன காற்று இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறேன். மூன்று எண்களும் பக்கத்துப் பக்கத்தில். இந்த நோட்டை நான் கருவியைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு காகித அட்டவணை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் அன்றைய எதிர்பார்ப்புக்கு ஏற்ப 100 யார்டுக்கு ஒரு வரி வீதம் அச்சடித்து ரைஃபிள் கட்டையில் டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன். பேட்டரி தீர்ந்தாலும் கவலையில்லை. அதைவிட முக்கியம், கருவி காட்டும் எண் அட்டவணையிலிருந்து அரை மில்லுக்கு மேல் விலகினால் உடனே கண்ணில் படும், ஏதோ உள்ளீடு மாறியிருக்கிறது என்று புரியும்.

வெள்ளைக் காட்டெருமையில் இப்போது அடிகள் விழுகின்றன. உயரம் சரியாக இருக்கிறது, காற்று பலமாகும் பிற்பகலில்தான் பக்கவாட்டில் தப்புகிறது. அடுத்த வேலை குளிர்காலத்துக்கு. வெடிமருந்து குளிர்ந்தால் குண்டின் வேகமும் குறையும். உறைபனிக் காலையில் தோட்டாக்களை வெளியிலேயே வைத்துக் குளிரவிட்டு, குரோனோகிராஃபில் அளந்து, வெப்பநிலைக்கு வேகம் என்ற பட்டியலைக் கெஸ்ட்ரலில் நிரப்பப் போகிறேன். அந்த எண்கள் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.