திரும்பி வந்த முதல் லோடு

கிராமத்தில் மறுசுழற்சி வேலையைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை வீடுகளோடு ஆரம்பிக்கலாம் என்பதைத்தான். அது அப்புறம் வரட்டும். சேர்ப்பதை யார் வாங்குவார்கள், எந்த நிலையில் கொடுத்தால் வாங்குவார்கள், அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நாங்கள் அதைத் தலைகீழாகச் செய்தோம்.

மக்காதது எதுவானாலும் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டோம். மக்களும் ஆர்வமாகக் கொடுத்தார்கள், இரண்டே மாதத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது. வண்டி பிடித்து மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பினால் முழு லோடும் அப்படியே திரும்பி வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அட்டை, உள்ளே மிச்சத்தோடு மூடிய பாட்டில்கள், ஈரமான காகிதம், எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. போக வர வண்டி வாடகை எங்கள் கையிலிருந்து போனது. குழுவில் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அடுத்த வாரம் அதே ஆலைக்குப் போய், தரம் பிரிக்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்றேன். இந்த முயற்சியில் உருப்படியாகச் செலவழித்த நாள் என்றால் அதுதான். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும், அது எந்த வகை பிளாஸ்டிக் என்று சொல்லும்: 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், 2 ஹெச்டிபிஇ, 3 பிவிசி, 5 பிபி. பெட் உருக ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிவிசியோ அதற்கு முன்பே சிதைந்து அமிலத்தை விட்டு, உருகிய பிளாஸ்டிக் மொத்தத்தையும் கெடுத்துவிடும், அதனால்தான் கொஞ்சம் கலந்திருந்தாலும் வேண்டாம் என்கிறார்கள். எண் தெரியாத துண்டைத் தண்ணீரில் போட்டால் பிபியும் ஹெச்டிபிஇயும் மிதக்கும், பெட் மூழ்கும். ஆனால் பிவிசியும் மூழ்கும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஊருக்கு வந்ததும் பட்டியலை நான்காகக் குறைத்தோம்: காய்ந்த அட்டை, பெட் பாட்டில், அலுமினிய டின், இரும்புத் தகரம். காந்தம் ஒட்டினால் தகரம், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், குழந்தைகள்கூடப் பிரித்துவிடுவார்கள். கண்ணாடி வேண்டாம் என்றதில் சிலருக்குக் கோபம். கண்ணாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் எடை அதிகம், விலை குறைவு, தூரம் போனால் வண்டி வாடகையே மிஞ்சாது. நிறம் வாரியாகப் பிரித்து, ஒரு முழு லோடு சேரும்வரை வைத்திருக்க இடம் கிடைத்த பிறகுதான் அதை எடுக்க ஆரம்பித்தோம்.

கிராமத்துக்கு உண்மையான பிரச்சினை இந்தத் தூரம்தான். காலி பாட்டில்களை ஏற்றிய லாரியில் பாதிக்கு மேல் காற்றுதான் போகிறது. சேர்த்ததை அமுக்கிக் கட்டாகக் கட்டும் பழைய பேலிங் மெஷின் ஒன்றை, விற்ற பணத்தைத் தொடாமல் சேர்த்து வாங்கினோம், அதிலிருந்துதான் கணக்கு நேரானது. அமுக்கிக் கட்டிய பேல்களாகப் போனதால் அதே வண்டியில் பல மடங்கு எடை ஏறியது, நடை குறைந்தது, அந்த மிச்சத்தில் அட்டைக்குக் கூரை போட்டோம். கூரையைத் தள்ளிப்போடாதீர்கள், நனைந்த அட்டைக்கு விலையே கிடையாது.

2018 ஜனவரியில் சீனா பல வகை வெளிநாட்டுக் கழிவுகளை வாங்குவதை நிறுத்தியதும் விலை படுத்துவிட்டது. அந்த மாதங்களில் நாங்கள் விற்காமல் அடுக்கி வைத்தோம். வாங்க ஆள் வந்தபோது சுத்தமாகப் பிரித்த பேல்களைத்தான் முதலில் எடுத்தார்கள், கலப்படமாக வைத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது பக்கத்து ஊர்களும் சேரக் கேட்கின்றன. உடனே வண்டி அனுப்புவதில்லை. ஒரு மாதம் வீட்டிலேயே பிரித்து வைத்துக் காட்டுங்கள் என்கிறோம், காட்டியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம், அதனால் மெதுவாகத்தான் வளர்கிறோம். கொட்டகை மூலையில் சிப்ஸ், ஷாம்பு உறைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. பல அடுக்குகள் ஒட்டிய அவற்றை வாங்க எங்களுக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. புதிதாக வருகிறவர்களை முதலில் அந்த மூலைக்குத்தான் அழைத்துப் போகிறேன்.