அரசர் எந்தத் தெருவழியே போவார்?

நவம்பர் 16, 2025, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, மாலையில் நற்கருணைப் பவனி, அதாவது கிறிஸ்துவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தைத் தெருக்களில் ஏந்திச் செல்வது. இந்த ஆண்டு கூடுதல் விசேஷம் ஒன்று உண்டு. விழாவை ஏற்படுத்திய ‘குவாஸ் பிரிமாஸ்’ சுற்றுமடலைத் திருத்தந்தை 11-ஆம் பயஸ் வெளியிட்டது 1925 டிசம்பர் 11. நூறு வருஷம் நிறையப்போகிறது.

எங்கள் பங்கில், அதாவது கோயில் சமூகத்தில், பலரும் இதை ஆதிகாலத்துத் திருவிழா என்றே நினைக்கிறார்கள். உண்மையில் ராஜாக்கள் வரிசையாக வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வந்த விழா இது. ரஷ்ய ஜார், ஜெர்மன் கைசர், ஆஸ்திரியப் பேரரசர், துருக்கி சுல்தான் என நால்வரும் 1917-க்கும் 1922-க்கும் இடையில் அரியணையை இழந்தார்கள். காலியான இடத்தில் வேறு மாதிரி ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இத்தாலியில் முசோலினி 1925 ஜனவரியிலேயே சர்வாதிகாரத்தை வெளிப்படையாகத் தொடங்கிவிட்டார். திருத்தந்தைக்கோ அப்போது ஆள ஒரு நாடும் இல்லை. 1870-ல் ரோம் இத்தாலியின் கைக்குப் போனதிலிருந்து எந்தத் திருத்தந்தையும் வத்திக்கானை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. அந்த நிலையில் இருந்த ஒருவர்தான், தனி மனிதர், குடும்பம், நாடு எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அரசர் இருக்கிறார் என்று எழுதினார்.

அந்த மடலில் கத்தோலிக்க அரசுகள் மீதான ஏக்கம் இருப்பதை மறைக்க முடியாது. ஆள்பவர்கள் பொதுவிலே கிறிஸ்துவை வணங்க வேண்டும் என்று அது கேட்கிறது. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரத்தை அறிக்கையிட்ட பிறகு அந்த ஏக்கத்தோடு நாம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மடலின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த மனிதனும், எந்தக் கட்சியும், எந்த வழக்கமும் என்மேல் கடைசி அதிகாரம் கொண்டாட முடியாது. கிறிஸ்துவை அரசர் என்று சொல்வதற்கு எனக்கு இதுதான் பொருள்.

நவம்பர் 18, செவ்வாய்

பவனி பற்றிய கூட்டம். எழுதவே மனம் கசக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கோயில் வாசலில் தொடங்கி, பெரிய தெரு, கடைத்தெரு, மேலத் தெரு, மறுபடி கோயில் என்பதுதான் பவனி போகும் வழி. தெற்குத் தெருவின் முனை வரை வந்து திரும்பிவிடும். தெற்குத் தெருவில் இருப்பவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். அதே ஞானஸ்நானம், அதே நற்கருணை, ஆனால் நற்கருணை ஆண்டவர் அவர்கள் தெருவுக்குள் போனதில்லை. இந்த வருஷம் போகட்டும் என்று ஃபாதர் சொன்னார். பெரியவர் ஒருவர் எழுந்து, “வழக்கம்னு ஒண்ணு இருக்கு சாமி. புதுசா எதையும் ஆரம்பிக்க வேண்டாம்” என்றார். பலர் தலையாட்டினார்கள். என் வீடும் பெரிய தெருவில்தான். தலையாட்டியவர்களில் என் உறவுக்காரர்களும் உண்டு.

சீரியல் லைட் போடும் பையன் ஓரமாக நின்றிருந்தான். தெற்குத் தெருக்காரன், எலக்ட்ரீஷியன், என்னிடம் மறைக்கல்வி படித்தவன். “லைட்டு கட்ட நாங்க வேணும். சாமி மட்டும் எங்க தெருவுக்கு வராதா, டீச்சர்?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான், சபையைப் பார்த்து அல்ல. கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது.

நவம்பர் 19, புதன்

சாமுவேல் முதல் நூல் 8-ஆம் அதிகாரம் வாசித்தேன். எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேலர் கேட்கிறார்கள். அரசன் என்ன செய்வான் என்று சாமுவேல் அடுக்குகிறார்: உங்கள் பிள்ளைகளைத் தேர்களுக்கு முன் ஓடவைப்பான், பெண்மக்களைச் சமைக்கவும் அப்பம் சுடவும் கொண்டுபோவான், நல்ல வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்று வாங்குவான். கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமைகள் ஆவீர்கள்.

விவிலியம் அரசர்களை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அப்பம் பகிர்ந்த பிறகு மக்கள் பிடித்து அரசராக்க வந்தபோது இயேசு தனியாக மலைக்கு விலகிப் போனார் என்று யோவான் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. கூட்டம் கொடுத்த மகுடத்தை வேண்டாம் என்றவர், ‘நீ அரசனா?’ என்று ரோமை ஆளுநர் பிலாத்து கேட்டபோது, கைகள் கட்டப்பட்டு நின்ற நிலையில், அதை மறுக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொலிக்கார்ப்பு கதை சொல்லத் தயாரித்தேன். இரண்டாம் நூற்றாண்டு, சிமிர்னா நகரத்து ஆயர் (பிஷப்), நல்ல வயதானவர். கைது செய்து கூட்டிப்போகும் வழியில் காவல் அதிகாரி அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நயமாகப் பேசுகிறான்: சீசர்தான் ஆண்டவர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன கெட்டுவிடும்? அரங்கத்தில் ஆளுநரும் வற்புறுத்துகிறார். கிறிஸ்துவைப் பழித்துப் பேசு, விட்டுவிடுகிறேன். அவர் சொன்ன பதில்: 86 ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, என்னை மீட்ட என் அரசரை எப்படிப் பழிப்பேன்?

அவர் இறந்த செய்தியைச் சிமிர்னா சபை மற்றச் சபைகளுக்குக் கடிதமாக எழுதியது. அதில் நாள் குறிக்கும் இடம் என்னை அசைத்துவிட்டது. இன்னார் ஆளுநராக இருந்த காலத்தில் என்று அந்தக் கால முறைப்படி எழுதிவிட்டு, இயேசு கிறிஸ்து என்றென்றும் அரசாளும்போது என்று சேர்த்திருக்கிறார்கள். ஆயரைக் கொன்ற ஊரில் உட்கார்ந்து, இப்போது ஆள்பவர் யார் என்று இவ்வளவு அமைதியாக எழுத முடிந்திருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

பீடத் துணிகள் துவைத்தாயிற்று. பவனியில் நற்கருணையை வைத்து ஏந்தும் கதிர்ப்பாத்திரத்தைப் பளபளக்கத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். ஃபாதர் வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 22, சனி

நாளைய தேதி நவம்பர் 23. மெக்சிகோவில் சேசு சபைக் குரு மிகுவேல் ப்ரோ சுட்டுக் கொல்லப்பட்ட நாள், 1927. இந்த ஆண்டு விழாவும் அதே தேதியில் வருவது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதிபர் காயேஸ் திருச்சபைமீது கடும் சட்டங்களைத் திணிக்க, 1926 ஜூலை முடிவில் ஆயர்கள் நாடு முழுவதும் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். பூசையில்லாத அந்த நாட்களில் ப்ரோ வேடம் மாற்றிக்கொண்டு வீடுகளில் நற்கருணை கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், ஏழைகளுக்கு அரிசி பருப்பு சேர்த்தார். முன்னாள் அதிபர் ஒப்ரெகோன்மீது நடந்த குண்டுவீச்சில் பங்குண்டு என்று பிடித்து, விசாரணையே இல்லாமல் சுட்டார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்றார். சிறிது நேரம் முழங்காலில் செபித்தார். ஒரு கையில் பாடுபட்ட சுரூபம், மறு கையில் செபமாலை, இரு கைகளையும் சிலுவையாக விரித்து நின்று ‘விவா கிறிஸ்தோ ரேய்’ என்றார். கிறிஸ்து அரசர் வாழ்க. மற்றவர்களுக்குப் பாடமாகட்டும் என்று அரசே புகைப்படக்காரர்களை வரவழைத்திருந்தது. அந்தப் படங்களையே மக்கள் புனிதப் படமாக வைத்துக்கொண்டார்கள்.

அதே முழக்கத்தோடு துப்பாக்கி எடுத்தவர்களும் இருந்தார்கள். கிறிஸ்தேரோ போர் 1926 முதல் 1929 வரை நடந்தது. கோயிலைப் பூட்டியவன்மேல் ஒரு விவசாயிக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. அவர்களை இங்கே உட்கார்ந்து தீர்ப்பிட மாட்டேன். ஆனால் அரசர் யார் என்று எனக்குக் காட்டுவது விரித்த கைகள்தான். ‘என் ஆட்சி இவ்வுலக ஆட்சி போன்றதாய் இருந்தால் என் காவலர்கள் போராடியிருப்பார்கள்’ என்று பிலாத்துவிடம் சொன்னவரின் ஆள் ப்ரோ.

மெக்சிகோவில் குவானாஹுவாத்தோ பக்கம் குபிலேத்தே மலைமேல் பெரிய கிறிஸ்து அரசர் சிலை இருக்கிறது. முன்பிருந்த சிலையை 1928-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போதுள்ள சிலையின் காலடியில் இரண்டு வானதூதர்கள். ஒருவர் கையில் அரச மகுடம், இன்னொருவர் கையில் முள்முடி. கிறிஸ்துவின் தலையில் மகுடம் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு, இரவு

இன்றைய முதல் வாசகம் சாமுவேல் இரண்டாம் நூல் 5-ஆம் அதிகாரம். எல்லாக் குலங்களும் எபிரோனுக்கு வந்து தாவீதிடம் சொல்கின்றன: நாங்கள் உம் எலும்பும் சதையுமானவர்கள். வாசித்தது தெற்குத் தெருப் பெண், கல்லூரியில் படிப்பவள். அந்த வரியில் அவள் குரல் தடுமாறவில்லை. கேட்ட எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

நற்செய்தி, லூக்கா 23. சிலுவையடியில் மூன்று பேர் ஏளனம் செய்கிறார்கள்: தலைவர்கள், படைவீரர்கள், பக்கத்தில் தொங்கும் குற்றவாளி. மூன்று பேருக்கும் ஒரே பேச்சு, உன்னையே காப்பாற்றிக்கொள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தவன்தான் அரசன் என்பது அவர்கள் கணக்கு. பெரிய தெருவின் கணக்கும் அதுதான். நம் பேர், நம் வரிசை, நம் வழக்கம், இவற்றைக் காப்பாற்றிக்கொள்வது. இன்னொரு குற்றவாளி மட்டும் வேறொன்றைப் பார்த்தான். படை இல்லை, நீதிமன்றம் கைவிட்டாயிற்று, ஓடிப்போன சீடர்கள். ‘இயேசுவே, நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவிற்கொள்ளும்’ என்றான். இயேசுவின் தலைக்கு மேலே பலகையில் ‘இவன் யூதரின் அரசன்’ என்று ஏளனமாக எழுதியிருந்ததை அப்படியே நம்பியவன் அவன். அந்த அரசர் முதலில் குடியுரிமை கொடுத்ததும் அவனுக்குத்தான்.

பவனி தெற்குத் தெருவுக்குள் போனது. முனையில் சில குடும்பங்கள் மெழுகுதிரியை அணைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பின. யார் யார் என்று தெரியும், எழுதவில்லை. மற்றவர்கள் உள்ளே நடந்தோம். அங்கே பள்ளி பெஞ்ச் ஒன்றைக் கழுவி, மேலே யாருடைய கல்யாணப் பட்டுச்சேலையையோ விரித்து, இரண்டு குத்துவிளக்கும் செவ்வந்தியும் வைத்து ஆசீர்வாத மேடை அமைத்திருந்தார்கள். கதிர்ப்பாத்திரத்தை வைக்கப் போனபோது பெஞ்ச் ஆடியது. ஒரு பாட்டி ஓடிப்போய் அட்டையை நான்காக மடித்துக் காலுக்கடியில் செருகினார். ஃபாதர் பொறுத்திருந்து, கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்தார். சாக்கடை திறந்தே கிடக்கிற தெரு அது. சாம்பிராணியும் அந்த நாற்றமும் சேர்ந்தே வந்தன. நற்கருணைப் பாடலான ‘மாண்புயர்’ பாடினோம். ஆசீர்வாதத்துக்கு மணி அடித்தபோது தெருவே முழங்காலில் இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். கிறிஸ்துமஸ் குடிலுக்கு இந்த முறை நன்கொடை கிடையாது என்று இரண்டு பேர் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். உறவுக்காரர் ஒருவர் என்னோடு பேசவில்லை. ஃபாதருக்கு மேலிடத்துக்குப் புகார் போகும் என்கிறார்கள். போகட்டும்.

வரும் ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்குகிறது, ஞாயிறுகளில் மத்தேயு நற்செய்தி வாசிக்கும் ஆண்டு. அடுத்த கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு மத்தேயு 25 வரும்: அரியணையில் அமர்ந்த அரசர், பசியாய் இருந்தேன், அன்னியனாய் இருந்தேன் என்று கணக்குக் கேட்கிற பகுதி. அதற்கு முன் செய்ய வேண்டியது இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், செத்த பிறகும். அதை இடிக்கக் கேட்டுப் பங்குப் பேரவைக்கு மனு எழுதுகிறோம். லைட் போடும் தம்பியும் நானும் இன்று ஆறு கையெழுத்து வாங்கினோம், அதில் இரண்டு பெரிய தெருவிலிருந்து. நாளை மேலத் தெரு.