"ஒண்ணுமில்ல, பொறவு சொல்லுதேன்"

எங்கள் வீட்டில் ஒரு வாக்கியத்தை மட்டும் உதட்டைப் பார்த்தே பிழையில்லாமல் படித்துவிடுவேன்: "ஒண்ணுமில்ல, பொறவு சொல்லுதேன்." கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரும் சிரிப்பார்கள். பக்கத்து இலைச் சித்தியின் கையைத் தொட்டு "என்ன?" என்பேன். பதில் இதுதான். அந்தப் பொறவு வந்ததே இல்லை.

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. நான் பிழைத்தேன், காது பிழைக்கவில்லை. இடது காதில் மிஷின் மாட்டியிருக்கிறேன். அது சத்தத்தைப் பெரிதாக்கும், சொல்லைப் பிரித்துத் தராது. மிக்ஸி ஓடினால் மிக்ஸியும் சேர்ந்து பெரிதாகும். மீதியை உதட்டில்தான் பிடிக்க வேண்டும். ஆனால் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. பணமா மணமா, பாப்பாவா மாமாவா என்பதை முன்னும் பின்னும் வரும் பேச்சை வைத்து ஊகிக்கிறேன். நாள் முழுக்க ஊகித்தால் சாயங்காலம் தலை கனத்துப்போகும்.

ரிக்கி பாயிண்டரின் வீடியோவை முதன்முதலில் பார்த்தது 2017-ல். அமெரிக்கப் பெண், காது கேளாதவர். யூடியூபில் ஒப்பனை வீடியோக்கள் போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு காது கேளாத வாழ்க்கையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் உட்கார்ந்து பார்த்ததற்குக் காரணம் அவர் பேச்சு முழுவதும் கீழே எழுத்தில் வந்ததுதான். புள்ளி, கமா எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு வரியைக்கூட ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு நாலு வீடியோ பார்த்தேன், தலை வலிக்கவில்லை. என் ஆங்கிலம் தேறியதே இப்படி எழுத்து ஓடும் வீடியோக்களால்தான்.

2016-ல் அவர் ஒரு இயக்கம் தொடங்கியிருந்தார்: 'நோ மோர் கிராப்ஷன்ஸ்'. திரையின் கீழே ஓடும் எழுத்தைக் குறிக்கும் கேப்ஷன் என்ற சொல்லோடு, குப்பை என்று பொருள்படும் ஒரு கொச்சைச் சொல்லை ஒட்டிய பெயர். பேசியது ஒன்று, கீழே வருவது வேறொன்று என்றிருக்கும் அரைகுறை எழுத்துகள் இனி வேண்டாம், வீடியோ போடுகிறவர்களே சரியாக எழுதிப் போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அனுதாபம் கேட்கவில்லை, "உங்களால் நாங்கள் நெகிழ்ந்தோம்" என்ற பாராட்டும் கேட்கவில்லை. வேலை ஒன்றைக் கேட்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

இயந்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பேச்சை இயந்திரமே கேட்டு எழுதிவிடும் தானியங்கி எழுத்து யூடியூபில் வந்தது 2009 நவம்பரில். அதைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் கென் ஹாரன்ஸ்டீன் என்ற கூகுள் பொறியாளர், அவரும் காது கேளாதவர். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று கிடைத்தது. ஆனால் ஒரு பெயரோ எண்ணோ மாறிப்போனால் நான் மறுபடி ஊகிக்கத்தான் வேண்டும்.

இடையில் பார்வையாளர்களே கேப்ஷன் எழுதித் தரும் வசதி யூடியூபில் இருந்தது. முகம் தெரியாத யாரோ எனக்காக உட்கார்ந்து தட்டச்சு செய்திருப்பார்கள். 2020 செப்டம்பர் 28-ஆம் தேதி அதை எடுத்துவிட்டார்கள். அறிவிப்புக்கு முந்தைய மாதத்தில் அதைப் பயன்படுத்திய சேனல்கள் 0.001 சதவீதத்துக்கும் குறைவு, தவறாகவும் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எதிர்த்துப் பேசியவர்களில் ரிக்கியும் ஒருவர். சதவீதம் சிறியதாக இருக்கலாம். அந்தச் சிறிய எண்ணை நம்பியிருந்தவள் நான். அன்றைக்கு நிஜமாகவே அழுதேன்.

அப்புறம்தான் தங்கையிடம் பேசினேன். அவள் தையல் வகுப்பு வீடியோ போடுகிறாள், பிளவுஸ் கட்டிங்தான் அதிகம். "உன் வீடியோவை நானே பார்க்க முடியல" என்றேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். "எப்படிப் போடணும்னு சொல்லுக்கா" என்றாள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், துணியின் நிறத்தில் எழுத்து கரையக் கூடாது, சத்தம் ஏதாவது கேட்டால் அதையும் எழுது என்றேன்.

எட்டு நிமிஷ வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு அவள் எழுதுவாள். மறுநாள் சத்தத்தை நிறுத்திவிட்டு நான் பார்ப்பேன். கழுத்து இறக்கம் ஆறரை இஞ்சா ஏழரையா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் அந்த வரியைத் திருத்துவாள். காது நன்றாகக் கேட்கிறவர்களும் நன்றி சொல்கிறார்கள், குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே பார்க்கிறார்களாம்.

போன வாரம் பிளவுஸுக்குக் கை வெட்டும் வீடியோ. ஐந்தாவது நிமிஷத்தில் கீழே ஒரு வரி வந்தது: (அம்மா பின்னால் சிரிக்கிறார்). திரையில் அம்மா இல்லை, தங்கையின் கையும் கத்தரிக்கோலும் மட்டும்தான். அந்த வீடியோ எடுத்த அன்று நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுக்களைக்குப் போய் போனைக் காட்டி "எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, என் எதிரே வெளிச்சத்தில் முகம் தெரிய உட்கார்ந்தார். அளவு பிளவுஸ் என்று நினைத்து தங்கை தன் மகனின் பள்ளிக்கூடச் சட்டையை விரித்துவைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாளாம். முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகச் சொன்னார்.