பாட்டிலுக்கு கதகதப்பு, கெக்குக்கு குளிரு

மொத தடவை வீட்ல பீர் போட்டப்ப பாட்டில்ல அடைச்சு மூணே நாள்ல ஆசை தாங்காம எல்லாத்தையும் ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிட்டேன், பத்து நாள் கழிச்சு தெறந்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம்கூட வரல, லேசா இனிப்பா சப்புன்னு கெடக்கு. சக்கரை பத்தல போல, அடுத்த தடவை அள்ளிப் போடணும்னு நெனச்சேன். நல்லவேளை போடல.

பாட்டில்ல கேஸ் உண்டாக்குறது ஈஸ்ட்டுங்க. நாம கடைசியா போடுற கொஞ்சூண்டு சக்கரைய தின்னுட்டு அது விடுற கார்பன் டை ஆக்சைடு வெளிய போக வழியில்லாம பீர்லயே கரையுது. குளிர்ல வெச்சா ஈஸ்ட் தூங்கிடும், அப்புறம் எங்கேர்ந்து கேஸ் வரும்? 20-லேர்ந்து 25 டிகிரில ரெண்டு வாரம் சும்மா விடணும், அதுக்கப்புறம்தான் ஃப்ரிட்ஜ். 20 லிட்டருக்கு சாதா சக்கரை 120 கிராம் கிட்ட போதும், டெக்ஸ்ட்ரோஸ்னா (குளுக்கோஸ் பவுடர்) ஒரு 10 சதவீதம் கூடுதலா போடணும். பாட்டில் பாட்டிலா ஸ்பூன்ல அளக்காம, தண்ணில கொதிக்கவெச்சு ஆறுனதும் மொத்த பீர்லயும் மெதுவா கலந்துட்டு அடைங்க.

அதுக்கு முன்னாடி ஹைட்ரோமீட்டர் (பீர்ல சக்கரை எவ்ளோ மிச்சம்னு காட்டுற மிதவை) ரீடிங் ரெண்டு மூணு நாளா அசையாம இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மிச்சமிருக்குற சக்கரையும் சேர்ந்து பொங்கி பாட்டிலே வெடிக்கும் (கண்ணாடிச் சில்லு கண்ணுல பட்டா தெரியும்). நான் ஒண்ணே ஒண்ண மட்டும் பிளாஸ்டிக் பாட்டில்ல அடைப்பேன், அமுக்கிப் பாத்து கல்லு மாதிரி இருந்தா ரெடி.

கெக், அதாவது பீர மொத்தமா அடைச்சு வெக்கிற உலோக டப்பா, இதுக்கு நேரெதிர். கேஸ் சிலிண்டர்லேர்ந்து வருது, ஈஸ்ட்டுக்கு அங்க வேலையே இல்ல, பீர் எவ்ளோ ஜில்லுன்னு இருக்கோ அவ்ளோ நல்லா கரையும். 4 டிகிரில ப்ரெஷர 12 பிஎஸ்ஐ (ப்ரெஷர் அளவு) வெச்சுட்டு ஒரு வாரம் பத்து நாள் மறந்துடலாம். அவசரக்காரங்க 30 பிஎஸ்ஐல ஒரு நாள் வெச்சு ப்ரெஷர எறக்குவாங்க, நானும் வெச்சேன், எறக்க மறந்து மூணு நாள் ஆயிடுச்சு, கிளாஸ் பூரா நுரை. கேஸ கழட்டிட்டு மூடில இருக்குற வால்வ அப்பப்ப இழுத்து விட்டுத்தான் சரி பண்ணேன்.

ஆனா நுரை வந்தாலே கேஸ் ஜாஸ்தின்னு அர்த்தமில்ல, கெக்லேர்ந்து கிளாஸுக்கு பீர் வர்ற ட்யூப் ரொம்ப குட்டையா இருந்தாலும் அப்படித்தான் பொங்கும். இது புரியாம ப்ரெஷர கொறைச்சு கொறைச்சு ஒரு கெக்கையே சப்புன்னு ஆக்கிட்டேன், அப்புறம் 3 மீட்டர் ட்யூப் மாட்டினேன், அன்னிக்கே அடங்கிடுச்சு.