வேலைக்கா, காட்டுப்பாதைக்கா?

கனடாவின் ஒன்டாரியோவில் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கும் நண்பர் கேட்டார்: "விறகு இழுக்கணும், பனி தள்ளணும், சனி ஞாயிறுல காட்டுக்குள்ள ஒரு சுற்றும் போகணும். எந்த ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வாங்கலாம்?"

சிசியை விடுங்கள், குனிந்து பின் அச்சைப் பாருங்கள் என்றேன். ஹோண்டா ராஞ்சர் 420 இரண்டு வகையிலும் வருகிறது. ஒரே தண்டாக உள்ள அச்சு என்றால் பாரம் இழுக்கும்போது வண்டி அதிகம் ஆடாது; ஆனால் கல்லிலும் வேரிலும் ஏறினால் இடுப்பைப் பதம் பார்த்துவிடும். சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தால் காட்டுப்பாதையில் சொகுசு.

அப்புறம் பெல்ட், அதாவது இன்ஜின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் வார். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, யமஹா கோடியாக் 700 இரண்டும் பெல்ட் வண்டிகள். கியர் மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டிக்கொண்டு, வேகமாகப் போவதற்கான ஹை ரேஞ்சிலேயே உறுமினால் பெல்ட் சூடேறித் தீய்ந்த வாடை வரும். லீவரை மெதுவான, இழுவை கூடிய லோ ரேஞ்சில் போட்டுத்தான் தள்ள வேண்டும். பலர் அந்த லீவரைத் தொடுவதே இல்லை! ராஞ்சரில் பெல்ட் கிடையாது, கியர்தான்.

அவருக்கு என் ஓட்டு கோடியாக். நாலு சக்கர ஓட்டத்தில் (4WD) போட்டிருந்தால், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டாலே இன்ஜின் நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். விஞ்ச் (கம்பி சுற்றி இழுக்கும் கருவி), பனித்தகடு, ஹெல்மெட் எல்லாம் தனிச் செலவு. வீட்டில் பட்ஜெட் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள் சார்.