மேடைக்கு வராத பாட்டுகள்

ஜூலை 18 நெருங்கினாலே எனக்குப் படபடப்பு வந்துவிடும். அன்றைக்கு மண்டேலா தினம். அவர் பொதுவாழ்வில் கழித்த 67 ஆண்டுகளை நினைத்து ஆளுக்கு 67 நிமிடமாவது பிறருக்கு உதவ வேண்டும் என்பது தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். டர்பனைச் சுற்றியுள்ள குழந்தைகள் இல்லங்களுக்கு அன்று கேக், போர்வை, பெயின்ட் டப்பா என்று எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். புரட்டாசியிலும் தீபாவளிக்கும் நம் கோயில் ஆட்கள் சாப்பாடு கொண்டுவருவதும் இப்படித்தான். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பிள்ளைங்க ஒரு பாட்டுப் பாடக்கூடாதா?" உடனே இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாம் என்னைப் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே இசை என்றால் நான்தான்.

நான் பாட்டு டீச்சர் இல்லை, இசை சிகிச்சையாளர். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் 1999இல் இதற்கு முதுகலைப் படிப்பு தொடங்கினார்கள், நான் படித்ததும் அங்கேதான். படித்து முடித்தபின் நாட்டின் சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால்தான் இந்த வேலையைச் செய்யலாம். இவ்வளவு இருந்தும் "சனிக்கிழமை வந்து பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுக்கிற ஆன்ட்டி" என்றுதான் பலருக்கு என்னைத் தெரியும். அதனால் என் வேலை என்ன என்பதை ஒருமுறை விரிவாகச் சொல்லிவிட ஆசை.

இந்த இல்லங்களுக்குக் குழந்தைகள் தாமாக வருவதில்லை. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி சிறுவர் நீதிமன்றம் உத்தரவு போட்டுத்தான் அனுப்பும். அந்த உத்தரவு அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், அப்புறம் சோஷியல் வொர்க்கர் அறிக்கை எழுத, நீதிமன்றம் மறுபடி முடிவு செய்யும். அடி, குடி, பசி, அம்மாவின் சாவு, பாட்டிக்கு முடியாமல் போனது என்று காரணம் எதுவாக இருந்தாலும், தன்னை யார் எங்கே அனுப்பினார்கள் என்பதில் அந்தக் குழந்தைக்கு எந்தப் பேச்சும் இருந்திருக்காது. வந்த பிறகும் எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, வீட்டுப்பாடம், விளக்கணைப்பது எல்லாம் மணியடித்தபடி நடக்கும். அறுபது பிள்ளைகள் இருக்கும் இடத்தை வேறு எப்படி நடத்த முடியும், அங்கே வேலை செய்கிற அக்காமார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு நாளில் அந்தக் குழந்தை தானே முடிவெடுக்கிற நேரம் என்று ஒரு ஐந்து நிமிடம்கூட இருக்காது.

என் அறைக்குள் அது தலைகீழாக நடக்க வேண்டும் என்பதுதான் என் முயற்சி. வாரத்தில் அதே நாள், அதே நேரம், அதே அறை, வாத்தியங்களும் வைத்த இடத்திலேயே இருக்கும். கீபோர்டு, கிட்டார், கையால் தட்டுகிற ஆப்பிரிக்க முரசான ஜெம்பே இரண்டு, மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கிற மரிம்பா சின்னதாக ஒன்று, அப்புறம் எங்கள் வீட்டு உடுக்கை. காவடிக்கு அடிக்கிற உடுக்கையை ஒரு ஜூலுப் பையன் முதல்முறை கையில் எடுத்து, இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சத்தம் ஏறி இறங்குகிறது என்று தானே கண்டுபிடித்தபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை உள்ளே வந்து ஜெம்பேயைக் கிழிந்துவிடும்போல அடித்தால் நான் "மெதுவா அடி" என்று சொல்ல மாட்டேன், அதே வேகத்தில் அதே பலத்தோடு கீபோர்டில் சேர்ந்து வாசிப்பேன். உன் கோபம் இவ்வளவு பெரியது, எனக்குக் கேட்கிறது என்று வாயால் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை, ஆனால் தன் அடியோடு இன்னொரு சத்தம் சரியாக வந்து சேரும்போது அது சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் நான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால் சில நாள் கூடவே குறையும், சில நாள் குறையாது. முதலில் ஆளின் மனநிலை இருக்கும் இடத்துக்கே இசை போக வேண்டும், அங்கிருந்துதான் நகர்த்த முடியும் என்பதை 1940களிலேயே அல்ட்ஷூலர் என்ற மனநல மருத்துவர் எழுதிவிட்டார். சுருதி சேர்ந்த பிறகுதானே பாட்டு. நாங்கள் சேர்ப்பது பிள்ளையின் சுருதிக்கு.

2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதன்பிறகு தகரக் கூரையில் மழை விழுந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிற பிள்ளைகள் இருந்தார்கள். எங்களிடம் ஓஷன் டிரம் என்று ஒன்று உண்டு, தட்டையான டிரம்முக்குள் சின்னச் சின்ன உலோகக் குண்டுகள் உருளும், சாய்த்தால் கடல் மாதிரியும் மழை மாதிரியும் கேட்கும். ஒரு சிறுமி (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்) அதைப் பார்த்ததும் அறையை விட்டே ஓடிவிட்டாள். பல வாரம் அதை மேஜைக்கடியில் துணி போட்டு மூடியே வைக்கச் சொன்னாள், அப்படியே வைத்தேன். ஒருநாள் அவளே துணியை எடுத்து, லேசாகச் சாய்த்து, உடனே நிமிர்த்தினாள். சத்தம் நின்றது. மறுபடி சாய்த்தாள், நிறுத்தினாள். அன்றைக்கு அந்த நேரம் முழுக்க இதையே செய்தாள். நான் கீபோர்டில் அவள் சாய்த்தால் வாசித்தேன், நிறுத்தினால் நிறுத்தினேன். மழைக்குப் பயப்படுவது அதோடு போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், இன்றும் இடி இடித்தால் அழுவாள். ஆனால் அந்தச் சத்தத்தை நிறுத்துகிற கை அன்று அவளுடையது.

இப்போது சொல்லுங்கள், இதை எப்படி மேடையில் ஏற்றுவது?

நானே மேடையில் வளர்ந்தவள்தான். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழ் ஐஸ்டெட்ஃபோட் என்ற கலைப் போட்டிகளில் தேவாரம் பாடியவர்கள். வீட்டில் இங்கிலீஷ், மேடையில் தமிழ், நடுவர் முன்னால் மார்க். தமிழ் இந்த மண்ணில் 1860இல் கப்பலேறி வந்து இன்னும் கொஞ்சமாவது நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்க அந்தப் போட்டிகளும் ஒரு காரணம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பிள்ளை பாடுவது கேட்பவருக்காக. என் அறையில் கேட்பவர்தான் பிள்ளைக்காக இருக்கிறார். அந்த அறையில் பிறந்த பாட்டைத் தானம் கொடுத்தவர்கள் முன்னால் பாடச் சொன்னால், வாங்கிய போர்வைக்கு விலையாக அந்தப் பிள்ளை தன்னிடம் இருக்கும் ஒரே சொந்தப் பொருளைக் கொடுக்க வேண்டியிருக்கும். கை தட்டுவார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை என் அறைக்கு வந்து அழகாக, கேட்பவருக்குப் பிடித்த மாதிரி வாசிக்கும். அதுதான் எனக்குப் பயம்.

அதனால் இல்லத்தாரோடு பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். பாட ஆசை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு பாட்டுக் குழு, அதற்கு வேறு ஒரு ஆசிரியர். விருந்தாளிகள் வந்தால் அவர்கள் பாடுவார்கள், சந்தோஷமாகவே பாடுகிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டர்பனுக்கு அருகே இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பக்கத்தில் இந்தியரும் கறுப்பினத்தவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறியிருந்த நாட்களில்கூட, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்தக் குழுவில் ஒரே மரிம்பா வரிசையில் நின்றார்கள். என் அறை விஷயம் மட்டும் அறைக்குள்.

சொந்தப் பாட்டைப் பாடவே கூடாது என்று நான் தடுப்பதும் இல்லை. ஒரு பெண் மெட்ரிக் (இங்கே பள்ளியின் கடைசி வகுப்பு) முடித்து, 18 வயதாகி வெளியே போகும் சமயம். படிப்பைத் தொடர்வதாக இருந்தால் 21 வரை இருக்கலாம், அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நாங்கள் சேர்ந்து எழுதிய பாட்டை வழியனுப்பு விழாவில் பாட வேண்டும் என்றாள். யார் யார் வருவார்கள், எந்த வரியைக் கேட்டு யார் என்ன நினைப்பார்கள், பாதியில் அழுகை வந்தால் என்ன செய்வது என்று பல வாரம் பேசினோம். கடைசியில் அம்மாவைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டு மற்றதைப் பாடினாள். அதைக் கேட்க அவளுடைய ஆயா (பாட்டி) வீல்சேரில் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ சொல்லிக் குடுத்தியாம்மா?" என்று கேட்டார். "இல்ல ஆயா, அவளே பண்ணது" என்றேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

பணம்தான் எப்போதும் இடிக்கிறது. என் சம்பளம் நன்கொடையில் வருகிறது, நிதி ஆண்டு மார்ச்சோடு முடிகிறது. முன்பு ஓரிடத்தில் திடீரென்று நிதியை நிறுத்தியதால் பிள்ளைகளிடம் விடைபெறக்கூட நேரம் கிடைக்கவில்லை. சொல்லாமல் போனவர்கள் அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள். அதனால் இப்போது புது இல்லத்தில் வேலையை ஏற்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: நிறுத்துவதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே எனக்குத் தெரிய வேண்டும். இந்த முறை ஓரிடத்தில் அப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜனவரி முதல் வாரமே பிள்ளைகளிடம் சொன்னேன். சுவரில் காலண்டர் ஒட்டி மீதமுள்ள வாரங்களை அவர்களே அடித்துக்கொண்டு வருகிறார்கள். அவரவர் பாட்டை பென் டிரைவில் போட்டு அவரவர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். ஒரு பையன் கேட்டதெல்லாம் ஜெம்பே இங்கேயே இருக்குமா என்பதுதான். இருக்கும் என்று சொன்னேன், அதை இல்லத்தின் பெயரிலேயே வாங்கியிருக்கிறோம்.